டைனமோ அண்ணை தேடிய பாதை

இலங்கையின் அத்தனை அரசியல் தலைவர்களையும் தன் காலால் அடக்கி வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் டைனமோ அண்ணைதான். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள், தொண்ணூறுகளின் நடுவில் முல்லைத்தீவுக் கரையில் எங்களோடு இருந்திருக்க வேண்டும்.

யுத்த காலம், வன்னிக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத்தின் தடை. மின்சாரமும் இல்லை. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி மிதித்து, டைனமோவிலிருந்து வயர் இழுக்க வேண்டும். எங்கள் கரையில் நல்ல டைனமோவும் களைக்காத காலும் அவரிடம் மட்டுமே இருந்தன. ஐம்பது வயது. கரைவலை இழுத்து உரமேறிய கெண்டைக்கால், கழுத்தில் அந்தோனியார் பதக்கம். பொழுதுபட்டால் அவருடைய முற்றத்தில் முப்பது பேர் கூடுவோம்.

கூடியவுடன் செய்தி கேட்டுவிடலாமா? ஐம்பத்துமூன்று மணிச் செபம் முடியும்வரை அவர் கால் பெடலில் ஏறாது. எந்த அமைச்சரானாலும் மாதாவுக்குப் பிறகுதான் வாய் திறக்கலாம்.

மிதிப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. காலநிலை அறிக்கைக்கு நிதானமாக மிதிப்பார். கடலுக்குப் போகிறவன் காதில் விழ வேண்டும். மரண அறிவித்தலுக்கு மரியாதையாக, ஒரு மருமகன் பெயர்கூடத் தவறாமல் மிதிப்பார். தலைவர் யாராவது பேசத் தொடங்கினால் கால் தளரும், குரல் தேயும். "நான் உங்களுக்கு உறுதியளிப்பது என்னவென்றால்" என்ற இடத்தில் சில்லு நின்றுவிடும். என்னதான் உறுதியளித்தார்கள் என்று எங்கள் கரைக்கு இன்றுவரை தெரியாது.

"மிதியுங்கோ அண்ணை."

"கால் உளையுது தம்பி. அவர் சொல்லி முடிக்கட்டும், பிறகு மிதிக்கிறன்."

கொழும்புத் தலைவர், எங்கள் பக்கத்துத் தலைவர் என்ற வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது. ஒருநாள் இரண்டு இயக்கப் பெடியள் இதை விசாரிக்கவே வந்துவிட்டார்கள்.

"ஏன் ஐயா பேச்சு வரேக்குள்ள மட்டும் நிப்பாட்டுறீங்கள்?"

"எனக்கு வயசு போட்டுது. தம்பியவை ஏறி மிதியுங்கோ, முழுக்கக் கேப்பம்."

பாவம், இருவரும் மாறி மாறிக் கால் மணித்தியாலம் மிதித்தார்கள். பேச்சு முடிகிற பாடாயில்லை. வேர்த்து ஊற்ற, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்போது தொண்டர் ஆசிரியர். எனக்கு நிச்சயம் செய்திருந்த ரெஜினா ஆமிப் பக்கத்து வவுனியாவில், நான் இங்கே, நடுவில் பாதை பூட்டு. அந்த வருடம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. பாதை திறக்கும் என்று ஏதாவதொரு தலைவர் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் கலியாணத்துக்கு நாள் குறித்தேன். மூன்று தரம் குறித்து மூன்று தரம் அழித்தேன்.

"வாத்தி, உனக்குப் பொம்பிளை தாறது ரெஜினாவின்ர தேப்பனோ, மந்திரியோ?" என்று கேட்பார் டைனமோ அண்ணை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு பேச்சுவார்த்தை முறிந்தது. அதே கிழமை ரெஜினாவின் தகப்பனிடமிருந்து கடிதம் வந்தது. கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் கேட்டு வந்திருக்கிறதாம், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், நான் குறை நினைக்கக் கூடாதாம். கடிதத்தை டைனமோ அண்ணையிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"அந்தோனியார் ஆர்? துலைஞ்சதைத் தேடிக் குடுக்கிறவர். பொம்பிளை துலையேல்லை. பாதைதான் துலைஞ்சு போச்சுது. வா சுவாமியிட்ட."

கத்தோலிக்கரான எங்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்பது வழக்கம். அதை உடனே தொடங்க வேண்டும் என்றார் டைனமோ அண்ணை. பங்குச் சுவாமிக்கு மூச்சு முட்டியது.

"பொம்பிளை அங்கால நிக்க, இஞ்ச என்னெண்டு பேர் வாசிக்கிறது?"

"நிச்சயம் செய்தது உண்மைதானே சுவாமி. நீங்கள் பேரை வாசியுங்கோ. ஆளை நான் கொண்டு வாறன்."

சுவாமி மறுத்தார். டைனமோ அண்ணை கோயில் விறாந்தையில் இருந்து மூன்று நாள் உரத்த குரலில் செபம் சொன்னார், அதுவும் சுவாமி மத்தியானம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து. நாலாம் நாள் சுவாமி சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசித்து, "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்றார் சுவாமி. கோயில் மூப்பர் மெதுவாக எழும்பினார்.

"தடை தாண்டிக்குளத்தில இருக்கு சுவாமி. ஆமிக்காரர் போட்டது."

பூசை முடிந்ததும், பெயர் வாசித்தாயிற்று என்று சுவாமியிடம் ஒரு கடிதம் எழுதுவித்து வாங்கிக்கொண்டு, டைனமோ அண்ணை சைக்கிளில் ஏறி வவுனியாப் பாதையில் புளியங்குளம் பக்கம் போய்விட்டார். எங்கள் கரையில் ரேடியோ நின்றது. இரண்டு கிழமை நாட்டை ஆள்வது யார் என்றே எங்களுக்குத் தெரியாது. அதனால் மீன் பிடிபடாமலும் போகவில்லை. நான் மட்டும் சோறு இறங்காமல் திரிந்தேன்.

மூன்றாம் ஞாயிறு. சுவாமி பெயரை வாசித்துவிட்டு, தடை உண்டா என்று கேட்கப் பயந்து மூப்பரைப் பார்த்தார். மூப்பர் வாசலைப் பார்த்தார். அங்கே தலைமுடியெல்லாம் செம்மண் தூசியாக ரெஜினா நின்றாள். பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளுடைய தகப்பன். அவருக்கும் பின்னால் எங்கள் ஆள்.

"இப்ப ஒரு தடையும் இல்லை சுவாமி," என்றார் மூப்பர்.

நடந்தது இதுதான். டைனமோ அண்ணை எப்படியோ தாண்டிக்குளம் கடந்து வவுனியாவுக்குப் போய், சுவாமியின் கடிதத்தைத் தகப்பன் முன்னால் வைத்து, "கோயில்ல பேர் வாசிச்ச பிள்ளையை இனிக் கனடாவுக்கு அனுப்பேலுமோ?" என்று ஒரு கேள்விதான் கேட்டாராம். மனிதர் அன்றே ஆமியிடம் பாஸ் எடுக்க அலைந்தார். திரும்பி வரும்போது தாண்டிக்குளத்தில் ஒரு ஆமிக்காரன் டைனமோ அண்ணையின் பதக்கத்தைக் கண்டு தன் சட்டைக்குள்ளிருந்து இன்னொரு பதக்கத்தை எடுத்துக் காட்டினானாம். நீர்கொழும்புப் பக்கத்துப் பெடியன். சிகரெட் பெட்டி மட்டையில் சிங்களத்தில் ஏதோ எழுதி, அந்தோனியாரிடம் வைக்கச் சொல்லிக் கொடுத்தான். தகப்பனுக்குச் சிங்களம் தெரியும். மனைவிக்குப் பிள்ளைப்பேறு, லீவு கிடைக்க வேண்டும் என்று இருந்ததாம்.

அந்த மட்டையை அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வைத்து மெழுகுதிரி கொளுத்திய பிறகுதான் டைனமோ அண்ணை என் பக்கமே திரும்பினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அலைஞ்சது முழுக்க நீங்கள். இதில அந்தோனியார் என்ன செய்தவர் அண்ணை?"

"ரெண்டு பக்கத் துவக்குக்கும் நடுவால போக எனக்குக் குலப்பன் காய்ச்சல் அடிச்ச மாதிரி நடுங்கினது வாத்தி. பிறகும் போனனான். ஆர் கூட்டிக்கொண்டு போனது எண்டு நினைக்கிறாய்?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ தலைவர்கள் வந்து, உறுதியளித்து, போய்விட்டார்கள். நானும் ரெஜினாவும் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குடும்பச் செபத்தில் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் டைனமோ அண்ணையின் பெயரைத்தான் சொல்கிறோம்.