கிரிம்லியில் உன்னைத் திட்டாத ஆளில்லை

கிரிம்லி, லங்காஷயர்
9 மே 1954, ஞாயிறு

அன்பு மகன் லெஸ்லிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் புறாக்களும் சௌக்கியம். என் இருமலும் சௌக்கியமாகவே இருக்கிறது. அங்கே கடற்கரையில் வாடகை நாற்காலி விரித்துப் போடும் உனக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

அடுத்த மாதம் விட்சன் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை உன் தங்கை மேவிஸுக்குக் கல்யாணம். ஊரார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாயாம். நியாயம்தான். கால்பந்துக் கோப்பைக் காலிறுதியில், கடைசி நிமிடத்தில், பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே தூக்கி பால்காரர் லாயத்துக் கூரையில் அடித்தவன் நீ. கிளப் உன்னைத் தெற்கே விற்றது, அங்கே முழங்கால் போயிற்று, இருபத்தேழு வயதில் ஆட்டமே முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் ஊர் மறக்கவில்லை.

கசாப்புக்கடை ஹோல்ராய்டிடம் ரேஷன் இறைச்சி கேட்டால், "உம்ம புள்ள அடிச்ச பெனால்டி மாதிரிதான்யா, நம்ம பக்கம் வந்து விழவே மாட்டேங்குது" என்கிறான், அந்தக் கோபத்தோடு முடிவெட்டுகிறவனிடம் போனால் அவன் பாதித் தலையில் நிறுத்திவிட்டு, "ஏன்யா, இடதுகால்ல அடிச்சிருக்கலாம்ல?" என்று கத்தரிக்கோலை நீட்டி வாதாட ஆரம்பித்து என் காதில் ரத்தம், காதைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் லாயத்துப் பக்கம் மணியடித்து, "லெஸ்லி ஓக்டன் பந்து இங்கதான்பா, தேடுறவங்க எறங்கலாம்!" என்கிறான், பஸ்ஸே சிரிக்கிறது, சரி தேவாலயத்திலாவது நிம்மதி என்று போனால் போதகர் வழிதவறியவர்களுக்காக ஜெபிக்கும்போது பாடகர் குழு முழுக்க எங்களைத் திரும்பிப் பார்க்கிறது, வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டு சேத், பந்தயத்தில் விட்டுத் திரும்பி வராத என் புறாவுக்கு உன் பேரை வைத்துவிட்டான்.

ஆகவே வந்தால் பின்வாசல் வழியாக வா. தொப்பியை இழுத்துவிட்டுக்கொள். கடல்காற்று ஆகாது, கழுத்தில் துண்டு கட்டு. அம்மாவும் மேவிஸும் முத்தம் அனுப்புகிறார்கள். கடவுள் உன் பக்கம் இருக்கட்டும்.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ் ஓக்டன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா படித்துவிட்டாள். "இதப் படிச்சா புள்ள எப்படிங்க வருவான்? அத்தனையும் பொய்யால்ல இருக்கு!" என்று அழுகிறாள். ஆமாம், பொய்தான். முடிவெட்டுகிறவனிடம் நானாகத்தான் உன் பேச்சை எடுத்தேன். "எந்த லெஸ்லி?" என்றான். உன் இடத்தில் இப்போது ஒரு செம்பட்டைத் தலையன் ஆடுகிறான். ஊர் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறது. இருநூறு ஆட்டம் ஆடிய என் பிள்ளையை மறந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லையடா. திட்டுகிறார்கள் என்றால், நினைத்தாவது இருக்கிறார்களே என்று ஆறுதல்படுவாய் என்று நினைத்தேன். இன்னும் திட்டிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். புறாவுக்கு உன் பேரை வைத்ததும் நான்தான். போன செவ்வாய்க்கிழமை அது வந்துவிட்டது. இறக்கை ஒடிந்து, தெருவோடு நடந்தே வந்தது. வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு மடியில் வைத்துத் தீனி கொடுத்தேன். நீயும் வா.