கவர்னருக்குக் கூடத்தில் இடமில்லை

மயிலாப்பூருக்கு டிராம் ஓடிய காலம். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமைக்கே தனி ருசி. எந்தத் தெருவில் நுழைந்தாலும் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. சித்திரைக்குளத்துப் பக்கம் சுப்பராமன் வீட்டுக் கூடத்திலிருந்து மட்டும் மூக்குப்பொடி வாசனையும், "துருப்பு! துருப்பு!" என்ற கூச்சலும் கூடவே வரும். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. வாரம் பூரா மானேஜருக்குத் தலையாட்டுவார். ஞாயிறு காலை சீட்டுக் கச்சேரி ஒன்றுதான் அவருடைய சொந்த சாம்ராஜ்யம்.

சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். அந்தச் சாம்ராஜ்யத்துக்கு ஆபத்து வந்தது.

"ஏன்னா, ஞாயித்துக்கிழமை கார்த்தால கூடத்தை எனக்கு விட்டுக்கொடுங்கோ. நாலு பொண்கள் பாட்டுச் சொல்லிக்கணும்னு கேக்கறா" என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி.

நேருக்கு நேர் "முடியாது" என்று சொல்லிப் பார்த்த அனுபவம் சுப்பராமனுக்கு உண்டு. அப்புறம் ஒரு வாரத்துக்கு ரசத்தில் உப்பு இருக்காது. ஆகவே ராஜதந்திரத்தில் இறங்கினார். நாடே உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்த சமயமாயிற்றே!

"விஜி, இனிமே நம்மாத்துலயும் ஜனநாயகம். நீதான் பிரதம மந்திரி."

அப்போதெல்லாம் சென்னை மாகாணத்துக்கே தனியாக ஒரு பிரதம மந்திரி உண்டு. முதல் மந்திரி என்ற பேச்செல்லாம் பிற்பாடு வந்தது.

"நான் பிரதம மந்திரின்னா, நீங்க?"

"கவர்னர்!"

சும்மா சொல்லவில்லை, நன்றாக யோசித்துத்தான் சொன்னார். பிரதம மந்திரியை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், கவிழ்க்கலாம். கவர்னரை யார் அசைக்க முடியும்? குனிந்து கும்பிடுவதற்கு ஆள், பேருக்கு முன்னால் 'மேன்மை தங்கிய'. கூடம் எங்கே போய்விடும்?

"எனக்கு என்ன தெரியும்? ராஜாங்கத்துல எப்படியோ, அப்படியே நடக்கணும். அப்புறம் பேச்சு மாறப்படாது" என்றாள் அவள், மிகவும் அடக்கமாக.

"கபாலீஸ்வரர் சாட்சியா மாற மாட்டேன்."

அடுத்த ஆறு நாளும் சுப்பராமனின் கால் தரையில் படவில்லை. புருஷன் பேரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. இத்தனை வருஷமாக 'ஏன்னா', 'இந்தாங்கோ' என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மிக்குக் கூப்பிட ஒரு பேர் கிடைத்தது. "மேன்மை தங்கிய கவர்னர் குளிக்க வரலாம், வெந்நீர் ஆயிடுத்து!" என்று தெருக்கோடிவரை கேட்கும். கீரைக்கார முத்தம்மாகூட, "இன்னா கவர்னரே, முருங்கக்கீரை நல்லா கீது, தரட்டா?" என்று கேட்டாள். இரண்டு கட்டு வாங்கினார்.

ஞாயிறு காலை. சீட்டுக்கட்டும் கையுமாக, ஆட்டத்தோழர் வக்கீல் பத்ரிநாராயணனை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் திகைத்து நின்றார். கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. நாலு பாவாடைப் பெண்கள். நடுவே தம்பூரா.

"யார் உத்தரவு இது?"

"உங்க உத்தரவுதான்."

"நான் எப்போ போட்டேன்?"

"வெள்ளிக்கிழமை அடுக்களையில மந்திரிசபை கூடித்து. கூடம் பாட்டுக்குன்னு தீர்மானம் ஆச்சு. எந்த உத்தரவும் கவர்னர் பேராலதானே போகணும்? போட்டாச்சு."

"நான் சம்மதிக்க மாட்டேன்!"

"வக்கீல் மாமாவைக் கேளுங்கோ."

பத்ரிநாராயணன் விட்டத்தைப் பார்த்தார். "சுப்பராமா, சட்டம் உன் ஆத்துக்காரி பக்கம். மந்திரிசபை சொல்றபடிதான் கவர்னர் நடக்கணும்."

"கவர்னருக்குத் தனி அதிகாரம் உண்டுன்னு பேப்பர்ல படிச்சேனேய்யா!"

"அது பழைய பேப்பர். வெள்ளைக்காரன் கப்பலேறினப்போ அதுவும் கூடவே ஏறிடுத்து."

"பின்னே கவர்னருக்கு என்னதான் வேலை?"

"திறப்பு விழா" என்று விஜயலக்ஷ்மி தாம்பாளத்தில் தேங்காயை நீட்டினாள். "உடைச்சுட்டு நாலு வார்த்தை பேசணும். கவர்னர் பிரசங்கத்தை மந்திரிசபைதான் தயார் பண்ணும். நான் சொல்லச் சொல்ல நீங்க சொல்லுங்கோ."

தேங்காய் உடைந்தது. அவள் கதவோரம் நின்று முணுமுணுக்க, சுப்பராமன் கிளிப்பிள்ளையாகச் சொன்னார். "இந்த வகுப்பை ஆரம்பிப்பதில்... என் சர்க்காருக்கு... மிகுந்த சந்தோஷம்... கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லுங்கோ..."

பெண்கள் பாவாடையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வக்கீல் பலமாகக் கைதட்டினார்.

பிறகு விஜயலக்ஷ்மி தம்பூராவை மீட்டிப் பாடினாள். சுப்பராமன் அசையவில்லை. மந்தைவெளியில் பெண் பார்க்கப் போன அன்று கேட்ட அதே குரல். அதற்காகத்தான் அன்றைக்கே சரி என்று தலையாட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் எங்கே போயிற்று என்று ஒரு நாளாவது கேட்டாரா? ஞாயிற்றுக்கிழமைகளில் துருப்பு கேட்டதோடு சரி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டுக்கட்டை வேஷ்டி மடிப்பில் செருகினார்.

"விஜி, எனக்குக் கூடம் வேண்டாம். இந்த ஓரமா உக்காந்து கேட்டுண்டிருக்கேனே?"

"கூடாது. பிரசங்கம் முடிஞ்சா கவர்னர் சபையில இருக்கப்படாது. அவர் மாளிகை ஊருக்கு வெளியில, கிண்டியிலதானே இருக்கு? கிணத்தடியில உங்களுக்குப் பாய் போட்டிருக்கேன்."