என் பாரத்தில் பாப்பா

இந்த வருஷம் வருமான வரிப் பாரத்தைக் குடும்பத் தலைவன் என்ற முறையில் நான்தான் நிரப்புவது என்று ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தீர்மானம் எடுத்தேன். வயிறு முட்ட ரொட்டி சானாய் சாப்பிட்டபின் எடுத்த தீர்மானம். வெறும் வயிற்றோடு யோசித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

காரணம் மீன். என் மகள் தார்ணிகா பிறப்பதற்கு முன்னால், சனிக்கிழமை என்றால் நானும் பக்கத்து வீட்டு ஆ ஹோக்கும் கிள்ளான் துறைமுகப் படகுத்துறையில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருப்போம். அவள் பிறந்தாள். என் தூண்டில் அவளுடைய சட்டைகள் காய்கிற கொடிக்கம்பாகப் பதவி இறங்கியது. புதுத் தூண்டில் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணம் வரும் வழியைப் பாப்பாவே காட்டினாள்.

எனக்கும் என் மனைவி லோகேஸ்வரிக்கும் தனித்தனிச் சம்பளம், தனித்தனிப் பாரம். நான் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. அவள் மருந்துக்கடையில் மருந்தாளர். பிள்ளைக்கு உண்டான வரிக்கழிவை இருவரில் ஒருவர் முழுசாகக் கேட்கலாம், அல்லது ஆளுக்குப் பாதி. கேட்டவருக்கு வரி குறையும். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். திரும்பி வருவது யார் கணக்கில் விழுகிறதோ, அவர் தூண்டில் வாங்கலாம்.

மறுநாள் லோகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குரலில் கொஞ்சம் தியாகத்தைக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பாவம் லோகா நீ. வேல, பிள்ளைன்னு ஒரே அலைச்சல். பாப்பாவ என் பாரத்துலயே போட்டுக்கிறேன். உனக்கு எதுக்கு அந்தத் தொல்ல?"

"போட்டுக்கங்க."

வாக்குவாதத்துக்கு என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனங்கள் வாயிலேயே செத்தன.

"முழுசாவா, பாதியாவா?" என்றாள்.

"முழுசா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெறகு மாத்திப் பேசக்கூடாது."

"அப்பன்னா சும்மாவா? பாப்பாவோட முழுப் பொறுப்பும் என்னுது."

"அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கைப்பேசியை நீட்டினாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். பதிவு செய்துகொண்டாள். ஆசையாகக் கேட்டுப் பார்ப்பதற்கு என்று நினைத்தேன். என்னைப் போன்ற ஆட்களால்தான் மீன்கள் தங்களைப் புத்திசாலி என்று நம்புகின்றன.

"தாய்ப்பால் எடுக்கிற மிசின் மட்டும் என் பாரத்துல. அந்தக் கழிவு பொம்பளைங்களுக்குத்தான்."

"நீயே வச்சுக்க. நானா பால் எடுக்கப் போறேன்?"

கணினியில் பாரத்தை நிரப்பினேன். நிச்சயம்தானா என்று அது கேட்டது. உலகத்திலேயே என்மேல் அக்கறையோடு அப்படிக் கேட்டது அது ஒன்றுதான். பொத்தானை அமுக்கினேன். பாரம் என்றால் காகிதம் என்று மட்டுமே அதுவரை எனக்குத் தெரியும்.

பணம் வந்தது. தூண்டிலும் வந்தது. கறுப்பு, பளபளப்பு, தூக்கினால் காற்றுப் போல இருந்தது. அடுத்த சனிக்கிழமை தொப்பியை மாட்டி, இறால் இரையை ஐஸ் பெட்டியில் வைத்து, வாசலில் காலணியைத் தேடினேன். வெளியே ஆ ஹோக்கின் மோட்டார் சைக்கிள் உறுமியது. ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர் அவர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"டேய் சற்குணா, வரியா இல்லியா? தண்ணி ஏறுது லா."

"எங்க கெளம்பிட்டீங்க?" இது லோகா.

"மீன் பிடிக்க."

"அப்ப பாப்பாவ யார் பாத்துக்குவா?"

"நீதான்."

"நானா? என் பாரத்துல பிள்ளையே இல்லயே. அரசாங்கத்தப் பொறுத்தவரைக்கும் எனக்குப் பாலு, உங்களுக்குப் பிள்ள."

"அது வரிக்குத்தான் லோகா. முழுப் பொறுப்பும் என்னுதுன்னு நான் என்னிக்காச்சும் சொன்னனா?"

அவள் கைப்பேசியைத் தட்டினாள். 'பாப்பாவோட முழுப் பொறுப்பும் என்னுது.' என் குரல்தான். நேரில் பேசுவதைவிடக் கம்பீரமாக இருந்தது. என் குரலைக் கேட்டதும் பாப்பா அழ ஆரம்பித்தாள். கொள்கலன் லாரி பின்னுக்கு வரும்போது போடுகிற அதே சத்தம், அதே விடாப்பிடி. தொடர்ந்து ஒரு வாடையும் வந்து சேர்ந்தது.

"பெம்பர்ஸ் மாத்துங்க. கழுவி விடுங்க. பெறகு ஊசிக்குக் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போங்க. வந்து சோறு ஊட்டுங்க. பால் வேணும்னா கூப்புடுங்க, அது என் இலாகா."

வேலியில் தலை முளைத்தது. ஆ ஹோக் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பிள்ளைய உன் பேர்லயா போட்ட? எனக்கு ரெண்டு பிள்ள. ரெண்டயும் பொண்டாட்டி பேர்ல போட்டுட்டு நிம்மதியா மீன் பிடிக்கிறேன். நீ படிச்சவன்லா, உனக்கு எங்க புரியும்."

அந்தச் சனி போயிற்று. அடுத்த சனியும் போயிற்று. ஆ ஹோக் திரும்பி வரும்போது வேலிக்கு மேலே சியாக்காப் மீனைத் தூக்கிக் காட்டுவார். நான் பெம்பர்ஸைத் தூக்கிக் காட்டுவேன். என்னுடையதுதான் கனம். புதுத் தூண்டிலின் நுனியில் கிலுகிலுப்பை கட்டித் தொட்டிலுக்கு மேலே ஆட்டினேன். அதுவரை அதில் மாட்டியது நான் மட்டும்தான்.

மூன்றாவது சனிக்கிழமை வெள்ளைக்கொடி பிடித்தேன்.

"லோகா, தாங்கல. அடுத்த வருஷம் கழிவ ஆளுக்குப் பாதியா போட்டுக்கலாம். பொறுப்பயும் இன்னிக்கே பாதியாக்கிடு."

"தூண்டில் வாங்கின காசு?"

"அடுத்த வருஷம் வர்றது பூரா உனக்கு."

பாப்பாவைத் தூக்கி உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை பார்த்தாள். சந்தையில் மீன் வாங்குகிறவள் பார்க்கிற பார்வை.

"சரி. இன்னிலேர்ந்து ஆளுக்குப் பாதி."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே உறுமிக்கொண்டிருந்த ஆ ஹோக்குக்கு, இதோ வருகிறேன் என்று கை காட்டினேன். தொப்பியை மாட்டினேன். தூண்டிலிலிருந்து கிலுகிலுப்பையை அவிழ்த்தேன்.

லோகா பாப்பாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, அவளை என் கையில் வைத்தாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது.

"மேல் பாதி எனக்கு, கீழ் பாதி உங்களுக்கு."