ஊது வக்கீலின் இடது கை

இராஜபாளையத்தில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களில் ஊது வக்கீலின் முகத்தில் ஊதாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆட்டோக்காரர், கல்யாணக் கார் ஓட்டுகிறவர், ஒருதடவை தீயணைப்பு வண்டிக்காரர் உட்பட எல்லோரும் ஊதியவர்களே. போலீஸ் கேட்டால் முறைக்கிறவனும் இவர் கேட்டால் ஊதிவிடுவான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குத் தினமும் டவுன் பஸ்ஸில்தான் போவார். ஏறுமுன் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கோட்டோடு நின்று முகத்தை அண்ணாந்து நீட்டுவார்.

"ஊதுப்பா."

"வக்கீலய்யா, காலம்பற எட்டு மணிக்கு எவன்யா குடிப்பான்?"

"எட்டு மணிக்குக் குடிச்சவன் கேஸு எங்கிட்ட மூணு கெடக்கு. ஊது."

ஊதியதும், "பூண்டு ஊறுகா. போகலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறுவார். சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். டிரைவர் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். வண்டியில் அவர் கண்மூடிப் பார்த்தவர்கள் இல்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ்தான் அவருக்குத் தொழில். வருகிறவனிடம் முதல் கேள்வி, "குடிச்சியா?" ஆமாம் என்றால், "அபராதத்தக் கட்டு. பஸ்ல வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். "பொறவு நீரு எதுக்கு வக்கீலு?" என்று ஒருவன் சண்டைக்கு நின்றானாம். "நீ ஏத்திக் கொன்னா, செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டாம்லே. அவனுக்கும் ஒரு வக்கீல் வேணும்லா" என்றாராம். இப்படித் தொழில் பார்த்தால் எப்படி விளங்கும்? மனிதரிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

நான் அப்படியில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒற்றைத் தறியில் தொடங்கி, இன்றைக்குப் பேண்டேஜும் பஞ்சும் செய்கிற கம்பெனிக்கு முதலாளி. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன். அந்தத் தராசு ஒரே ஒரு தடவைதான் பொய் சொன்னது.

என் வேன் டிரைவர் கருப்பசாமி பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறான். ஒருநாள் மத்தியானம் சிவகாசியில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பினான். இறக்கும்போது, புண் துடைக்கிற ஸ்பிரிட் கேன் ஒன்றின் மூடி கழன்று சட்டையெல்லாம் கொட்டியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் போலீஸ் நிறுத்தியது. வாசனை ஆளைத் தூக்கியது. ஊதுகிற மிஷினில் சார்ஜ் இல்லையாம். ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

நானும் ஓடினேன். போனதும் முதல் வேலையாக அவன் தாடையைப் பிடித்து மோந்து பார்த்தேன்.

"மொதலாளி, நீங்களுமா?" என்றான்.

வாசனை சட்டையிலிருந்து வந்ததா, வாயிலிருந்து வந்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சில வாரத்தில் ரிப்போர்ட் வந்தது: ரத்தத்தில் சாராயம். வேன் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். கேஸ் தோற்றால் லைசென்சுக்கும் ஆபத்து. அவனோ ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பிடித்துப் பழகாதவன்.

அவனை ஊது வக்கீலிடம் கூட்டிப் போனேன். வழக்கமான கேள்விதான்: "குடிச்சியா?"

"எம்பிள்ளைக சத்தியமா இல்லய்யா."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "ரத்தம் எடுக்கையில நீங்க கூட இருந்தியளா அண்ணாச்சி?"

"இருந்தேன். நர்ஸம்மா ஸ்பிரிட்டு பஞ்ச வச்சு கையத் தொடச்சிட்டு ஊசியக் குத்துனாக."

"பஞ்சு ஈரமா இருந்துச்சா?"

"நம்ம கம்பெனி பஞ்சுல்லா! எம்புட்டு ஊத்துனாலும் குடிக்கும்."

வக்கீல் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

மறுநாள் காலையில் ஒரு தனியார் லேபில் போய் உட்கார்ந்து, வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஒரு ஊசி. இடது கையை என் பஞ்சில் ஸ்பிரிட் சொட்டச் சொட்டத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு ஊசி. பச்சைத் தண்ணீர் தவிர எதையும் குடிக்காத மனிதர். வலது கை ரிப்போர்ட் சுத்தம். இடது கை ரிப்போர்ட்டில் சாராயம்! இரண்டையும் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார்.

"வலது கை யோக்கியன், இடது கை குடிகாரன். ஒரே உடம்பு அண்ணாச்சி!"

"தாலி முடிச்ச எந்தக் கை போட்டுச்சுன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றார் அவர் சம்சாரம்.

கோர்ட்டில் அந்தக் காகிதத்தை நீதிபதி வாங்கவில்லை. "உங்க கைக்கு நீங்களே வக்கீலாக முடியாது" என்றுவிட்டார். வக்கீல் அசரவில்லை. சாட்சிக் கூண்டில் நின்ற ஆஸ்பத்திரி டாக்டரிடம் திரும்பினார்.

"குடிச்சிருக்கானான்னு பாக்க ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட்டால துடைக்கலாமா?"

"கூடாது. சோப்புத் தண்ணி போதும்."

"அன்னைக்கு எதால துடைச்சாங்க?"

டாக்டர் நல்ல மனிதர். மறைக்கவில்லை. "ஸ்பிரிட் பஞ்சுதான். பழக்கதோஷம்."

அரசு வக்கீல் எழுந்து, "பஞ்சைப் பிழிஞ்சுட்டுத்தானே துடைச்சிருப்பாங்க?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஐயா, அது எங்க பஞ்சு! எம்புட்டுப் பிழிஞ்சாலும் பாதி உள்ளதான் நிக்கும்!"

"யார் இவர்?" என்றார் நீதிபதி.

"கம்பெனி விளம்பரம், ஐயா" என்றார் ஊது வக்கீல். கோர்ட்டே சிரித்தது. என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

சந்தேகத்தின் பலன் கருப்பசாமிக்குக் கிடைத்தது, விடுதலை. கேஸை ஜெயித்தது என் பஞ்சுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளியே வந்ததும் வக்கீல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். "நம்ம வேன்லயே போவோம் சார்" என்று மறித்து, சாவியைக் கருப்பசாமியிடம் நீட்டினேன். நீட்டும்போது என் மூக்கும் கொஞ்சம் அவன் பக்கம் நீண்டுவிட்டது. வக்கீல் அதைப் பார்த்தார்.

வேனைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். கருப்பசாமிக்கு வழக்கம் தெரியும். தலையை வெளியே நீட்டி, ஊதுவதற்கு மூச்சை இழுத்தான்.

"அது கெடக்கட்டும். எடுப்பா வண்டிய" என்று சொல்லிவிட்டு, ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையைத் தாண்டும்போது என் தோளில் ஏதோ கனத்தது. மனிதர் தூங்கிப்போயிருந்தார். இராஜபாளையம் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.