ஃபுல் லோடு அண்ணனின் ஈரக் கை

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே 'போதும்' என்ற வார்த்தையைப் பந்தியில் ஒருமுறைகூட உச்சரிக்காத ஒரே மனிதர் எங்கள் ஃபுல் லோடு அண்ணன்தான். மற்றவர்களும் அந்த வார்த்தையை மனசாரச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். எங்கள் பக்கம் 'போதுங்க' என்றால் 'இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போங்கள்' என்று அர்த்தம். பரிமாறுகிறவருக்கும் அது தெரியும். ஆனால் அண்ணனுக்கு அந்தப் பாசாங்கெல்லாம் வராது. வாளி பக்கத்தில் வரும்போதே இலையில் இருப்பதை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுப்பார்.

கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் அவர் டெஸ்பாட்ச் பார்த்தார். நான் பர்ச்சேஸில் இருந்தேன். லாரி ஏற்றி முடித்ததும் "ஃபுல் லோடுங்க!" என்று அவர் போடும் சத்தம் பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவருக்கும் கேட்கும். பெயர் அதனால்தான் வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டார். நாங்கள் மறுக்கவில்லை. அவர் ஏறினால் ஆபீஸ் லிஃப்ட் கதவை மூடாமல் கூவும். உள்ளே இருப்பவர்கள் மரியாதையாக இறங்கிப் படியேறுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கு மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு.

கம்பெனியில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ஆபீஸ் சார்பில் வேன் போகும். முதல் ஆளாக அண்ணனைத்தான் ஏற்றுவோம். வந்தவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்காரருக்கு முகம் விழுந்துவிடும். நாங்களோ சுகர், பிரஷர், அல்சர் என்று ஆளுக்கொரு சாக்கு வைத்திருந்தோம். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அண்ணன் சாப்பிடுவார். "ஏனுங்க, யாருமே ஒண்ணும் சாப்புடலையே?" என்று வீட்டுக்காரர் வருத்தத்தோடு வந்தால் அண்ணனின் இலையைக் காட்டுவோம். அவர் குளிர்ந்துபோய் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார்.

பந்தியில் அண்ணனுக்கு வலது பக்கம் எப்போதும் அக்கவுண்ட்ஸ் சென்னியப்பண்ணன். பெருந்துறைக்காரர், ஊதினால் பறந்துவிடும் உடம்பு, இனிப்பு ஆகாது. இலையில் ஜாங்கிரி விழுந்ததும் எங்கோ பராக்குப் பார்த்தபடி அதை ஒற்றை விரலால் தள்ளி அண்ணன் இலையில் சேர்த்துவிடுவார். அண்ணனும் எங்கோ பார்த்தபடி அதை வாயில் போட்டுக்கொள்வார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இது நடந்து வந்தது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

முதலில் போனது முழங்கால். அப்புறம் தூக்கம் வந்தது, வேண்டாத இடத்திலெல்லாம் வந்தது. லாரிக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும்போதே குறட்டை கேட்கும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் ஸ்கூட்டர் மேலேயே தூங்கிவிடுவார். பின்னால் நிற்கும் டவுன் பஸ் ஹாரன் அடித்து எழுப்ப வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் மனைவி சரஸ்வதியக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தூங்கறப்ப இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. நானு பக்கத்துல உக்காந்து தட்டித் தட்டி உடறேன். என்ற கண்ணு அசந்துபோச்சுன்னா என்னங்க பண்றது?"

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் நான்தான் காரில் கூட்டிப் போனேன். வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்துவிடலாம் என்று அவர் படம் போட்டு விளக்கினார். அண்ணன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், எடுத்ததை என்னங்க பண்ணுவீங்க?"

"டெஸ்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் அழிச்சிருவோம்."

"பாவமுங்க. நல்லா ஒழைச்ச வயிறு."

வெளியே வந்ததும் கார் கதவைத் திறக்கவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது. முருகன் மேல சத்தியம் பண்ணு, கண்ணு."

"எதுக்குங்ணா? இதுல என்னங்ணா வெக்கம்?"

"தின்னே பெருத்தவன், தின்னதைக் கொறைக்க ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தானாம்னு சிரிப்பாங்க. சென்னியப்பனுக்குக்கூடச் சொல்லிப்போடாத."

சத்தியம் செய்தேன். குடலிறக்கம் என்று ஆபீஸில் சொல்லி லீவு போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் சில நாள் வெறும் நீராகாரம்தான் என்பதால், அது ஆரம்பிக்கும் முன் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கச் சொன்னார். நெய் ஊற்றிப் பிசைந்து, ஒவ்வொரு உருண்டையையும் ரயிலேற்றிவிட வந்தவர்போல நின்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். இருமல் மருந்து மூடியில் தண்ணீரை ஊற்றி, அதையும் இரண்டு மூன்று வாயாகக் குடிக்க வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சடைத்துத் திரும்பி வந்துவிடும். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு செல்போனில் பிரியாணி கிண்டுகிற வீடியோவாகப் பார்த்தார். அக்காவுக்கு வேறு கவலை.

"ஒரு கரண்டி சோறு ஆக்கறதுக்கு என்ற ஊட்ல பாத்திரமே இல்லீங்க தம்பி. எல்லாம் குண்டாவும் போசியுமா கெடக்குது."

குழையக் குழைய மசித்த பருப்புச் சோறு கொடுக்க ஆரம்பித்த அன்று நான் அங்கே இருந்தேன். அக்கா ஸ்பூனை நீட்டியபோது அண்ணன் கையைக் குறுக்கே வைத்து, "போதும், சரசு" என்றார். அக்கா சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று அவரைக் கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் அண்ணன் மூச்சு சீராகிவிட்டது. அக்காவும் படுத்துத் தூங்க ஆரம்பித்தார்.

லீவை நீட்டி நீட்டிச் சில மாதம் கழித்து மறுபடி ஆபீஸ் வந்தபோது அண்ணன் பாதியாகியிருந்தார். சட்டைக்குள் இன்னொருவருக்கு இடமிருந்தது. முடி வேறு கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மரியாதை ஒரு வகையில் பெரிய இம்சை. மனசுக்குள் என்ன சந்தேகம் இருந்தாலும் முகத்துக்கு நேராகக் கேட்க மாட்டோம். 'குடலிறக்கத்துக்கு யாருக்குங்க முடி கொட்டும்?' என்று கேன்டீனில் கிசுகிசுத்தார்கள். கெட்ட வியாதி என்று அவர்களே முடிவு கட்டினார்கள். ரிசப்ஷன் ஃபிலோமினா ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அவர் பேருக்கு மெழுகுவத்தி ஏற்றினார். சென்னியப்பண்ணன் யாரிடமும் சொல்லாமல் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்தை நெருக்கத்தில் வைத்துக்கொண்டு யாராவது மொட்டை போடுவார்களா? வீட்டில் யார் தவறிப்போனது என்று சம்பந்தி வீட்டார் விசாரித்தார்களாம்.

நான் பதறிப்போய் அண்ணனிடம் ஓடினேன். "அண்ணா, நீங்க சாகப்போறீங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்கறாங்க. உண்மையைச் சொல்லிப்போடுங்க."

அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "சாகப்போறவன்னு நெனச்சா மருவாதியா பேசறாங்க, கண்ணு. யாரு என்னை முன்னெல்லாம் இப்பிடிப் பேசினாங்க? சித்தெ நாளைக்கு இப்பிடியே போகட்டும்."

அன்றைக்கு அது எனக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டது.

விசேஷ வீடுகளில் தப்பிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பந்தியில் உட்கார்ந்து கொறித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பழையபடி சாப்பிட்டால் வாந்திதான். எனவே நேராகக் கை கழுவுகிற இடத்துக்குப் போவார். வலது கையை நனைத்து, வாயில் வெற்றிலையை அடக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வருவார். ஈரக் கையைப் பார்த்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். பல இடங்களில் இந்த வித்தை பலித்தது.

சென்னியப்பண்ணன் மகள் கல்யாணம் பெருந்துறையில். அன்றைக்கும் அண்ணன் கீழே போய்க் கையை நனைத்துக்கொண்டு படியேறி வந்தார். படி முனையில் பட்டு வேட்டியும் மொட்டைத் தலையுமாகப் பெண்ணின் அப்பா.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க? வாங்க, ஒட்டுக்கா உக்காரலாம்."

"ஆச்சுங்க, ஆச்சுங்க! சாப்பாடு பிரமாதமுங்க. ஜாங்கிரி ரெண்டு தரம் கேட்டு வாங்கினேன்." ஈரக் கையை நன்றாகத் தெரியும்படி உதறிக் காட்டினார்.

சென்னியப்பண்ணன் அந்தக் கையையே பார்த்தார். "இன்னும் இலையே போடலீங்களே."

வேனில் வந்த கூட்டம் முழுக்கத் திரும்பியது. அண்ணன் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ற ஊட்டுச் சோறு உங்களுக்கு ஆகாமப் போச்சுங்களா?"

அப்போது அண்ணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வியாதி இல்லை, ஆபரேஷன், டாக்டர் போட்ட படம், வாழைக்காய் எல்லாம் வந்தது. கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அவர் பயந்தது நடந்தேவிட்டது. ஆனால் சென்னியப்பண்ணன் சிரிக்கவில்லை. தன் மொட்டைத் தலையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நானு சிரிச்சிருப்பனுங்களா?"

இவ்வளவுதான் கேட்டார். மணமேடைப் பக்கம் திரும்பிப் போனவர் அதன்பின் அண்ணனோடு பேசவில்லை. ஒரே ஆபீஸில் எதிரெதிரே போனாலும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். கொஞ்ச காலத்தில் ரிட்டயராகி ஊரோடு போய்விட்டார்.

அண்ணனுக்கு உடம்பு தேறிவிட்டது. சுகர் மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். காலையில் கைவீசி நடக்கிறார், சிக்னலில் முழித்திருக்கிறார். ஆபரேஷன் செய்தது தப்பே இல்லை. ஆனால் கல்யாணங்களுக்கு அவர் வருவது நின்றுபோனது. அதனால் என்ன, அவரால்தான் சாப்பிட முடியாதே என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"சோத்துக்கா நானு பந்திக்குப் போனேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தாளு பக்கத்துல உக்காரத்தான் கண்ணு போனேன். சிரிப்பாங்கன்னு பயந்து, சிரிக்காத மனுசன உட்டுப்போட்டேன்."

போன தை மாசம் என் வீட்டுக் கிரகப்பிரவேசம். இருவரையும் கூப்பிட்டேன், ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல். அண்ணனை வற்புறுத்தி முதல் பந்தியில் உட்கார வைத்தேன். இலையில் துளிச் சோறு. "போதுங்க" என்றார். பரிமாறியவர் வழக்கப்படி இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்.

சென்னியப்பண்ணன் வாசலில் நின்று பந்தியைப் பார்த்தார். தலை முழுக்க வெள்ளை முடி. நான் வேறு பக்கம் வேலை இருப்பதுபோல நடித்தேன். திரும்பியபோது அவர் அண்ணனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். ஜாங்கிரி வந்தது. எங்கோ பார்த்தபடி சென்னியப்பண்ணனின் விரல் அதை அண்ணன் இலைக்குத் தள்ளியது. பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அய்யோ, மறந்துபோட்டனுங்க!" என்று திருப்பி எடுக்கக் கை நீட்டினார்.

அண்ணன் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். "இருக்கட்டுங்க. நானு போதும்னா சொன்னேன்?"

கடுகளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மிச்சம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தைப் பேச இருவருக்கும் தெரியவில்லை, எழுந்திருக்கவும் மனசில்லை. பந்தி எழுந்து, அடுத்த கூட்டம் வாசலில் நின்றது. இலை எடுக்கிற அம்மா கூடையோடு வந்து என்னைப் பார்த்தார்.

"அம்மணி, அந்த ரெண்டு இலையும் அப்படியே இருக்கட்டுங்க," என்றேன்.