சம்பந்தி, தயவுசெய்து கிளம்பி வராதீர்கள்

செபு,
டிசம்பர் 27

மதிப்பிற்குரிய சம்பந்தி ஹொனொராட்டோ அவர்களுக்கும் சம்பந்தியம்மாள் நெனிதா அவர்களுக்கும், உங்கள் மருமகளைப் பெற்ற புருதென்சியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி சிமாவும் இங்கே உயிருடன் இருக்கிறோம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்கவேண்டுமென்று குழந்தை இயேசுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். புத்தாண்டுக்கு நீங்கள் இருவரும் பொஹோலிலிருந்து புறப்பட்டு இங்கே வரப்போவதாக என் மகள் ஜோவிலின் சொன்னாள். வேண்டாம் சம்பந்தி. நம் வயதில் பயணம் கூடாது. நாங்கள் பட்டதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் மகன் ரெனான்டே கிறிஸ்மஸுக்கு வந்துவிடுவான் என்றுதானே எல்லோரும் இருந்தோம்? கப்பல்காரர்கள் அவன் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள், பண்டிகைக்குப் பிள்ளை நடுக்கடலில் இருப்பான் என்று தெரிந்ததும் சிமா, "நாம செபுவுக்கு மககிட்டப் போறோம், அவ்வளவுதான்" என்று பெட்டியை இறக்கிவிட்டாள். கூடவே தேங்காய்ப்பால் வெல்லச் சாதம் ஒரு பானை, காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இரண்டு நாட்டுக்கோழி. எங்கள் சிக்கிஹோர் தீவின் துறைமுகத்துக்குப் போனால், புயல் வருகிறதாம், கப்பல் கிடையாதாம். ஊரே அங்கே தரையில் உட்கார்ந்திருந்தது. கடலோரக் காவல்காரப் பையனிடம் நான் நியாயம் கேட்டேன்.

"அலை கூரை உசரத்துக்கு எழும்புது தாத்தா. வீட்டுக்குப் போங்க."

"எங்க காலத்துல இதுக்கெல்லாம் பேரு அலையே இல்ல தம்பி."

"உங்க காலத்துலதான் தாத்தா நெறைய கப்பல் முழுகிச்சு."

நான் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளும் கப்பல் இல்லை. ஜோவிலின் போன் செய்தாள். "அப்பா, நீங்க திரும்பிப் போங்கப்பா. நானும் பாப்பாவும் நல்லாத்தான் இருக்கோம்" என்றாள். நானும் நல்ல புத்திதானே சொல்கிறாள் என்று பெட்டியைத் தூக்கினேன். சிமா அசையவில்லை.

"என்ன சொன்னா?"

"நல்லாத்தான் இருக்காளாம்."

"நல்லா இருக்கறவ நல்லா இருக்கேன்னு சொல்லுவா. நல்லாத்தான் எதுக்கு? அந்த 'தான்' எனக்குப் புடிக்கல. நீங்க வேணா போங்க, நான் நீந்தியாவது போறேன்."

சிமாவுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அவள் போகமாட்டாள் என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? என்னால் முடியவில்லை. கொஞ்சம் காற்று அடங்கியதும் பக்கத்துத் தீவில் இருக்கிற டுமகெட்டிக்குச் சின்னப் படகு விட்டார்கள், ஏறினோம், ஏறின கணத்திலிருந்து என் வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போயிற்று, அங்கிருந்து ஜீப்னி என்கிற குட்டி வண்டி, ஜீப்னியிலிருந்து இன்னொரு துறை, அங்கே பெட்டியில் என்ன என்று கேட்ட காவலாளியிடம் சிமா கண் இமைக்காமல் "துணி" என்றாள், துணி உடனே கொக்கரித்தது, அவன் என்னைப் பார்த்தான், நான் வானத்தைப் பார்த்தேன். "பண்டிகைத் துணி போல, போங்க பாட்டி" என்று விட்டுவிட்டான், நல்லவன். மறுபடி படகு, மறுபடி வயிறு. அக்கரையில் செபு பஸ்ஸில் ஒரு கோழி பெட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, நேரே நடத்துநர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஆள் கோபப்படுவார் என்று பார்த்தால், "இதுக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, வழி முழுக்க அதைத் தடவிக்கொடுத்தபடியே சீட்டுக் கிழித்தார். இறங்கும்போது அதை அவரிடமிருந்து வாங்குவதற்குள் பாதிப் பஸ் எங்களைத் திட்டியது.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் வீட்டுக் கதவைத் தட்டினோம். ஜோவிலின் திறந்தாள். அம்மா தோளில் முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், வீட்டில் ஒரு காகித நட்சத்திரம்கூடத் தொங்கவில்லை. சிமா அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள், சம்பந்தி. அந்தப் பார்வையில் 'தான்' என்ற சொல் எழுதியிருந்தது.

நம் பேத்தி தேயாவோ, பாட்டி பேசின ஒரே வார்த்தையில் குரலைக் கண்டுபிடித்து மடியில் ஏறிவிட்டாள். மூன்றரை வயதுக்கு என்ன அறிவு! என்னைப் பார்த்தாள். வீல் என்று ஒரு கத்தல். மேசைக்கடியில் பூந்துகொண்டாள். நான் நீதிமன்ற அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன், கதவைத் தட்டியதும் வீட்டில் உள்ளவர்கள் மேசைக்கடியில் ஒளிவது எனக்குப் பழக்கமான காட்சிதான். ஆனாலும் இது சொந்தப் பேத்தி. பொம்மையை நீட்டினேன், பொம்மை உள்ளே போயிற்று, குழந்தை வெளியே வரவில்லை. பண்டிகை விருந்தும் அவளுக்கு மேசைக்கடியிலேயே நடந்தது. "மீசைய எடுத்துடுங்க" என்று சிமா சொன்னாள். எடுத்தேன். இன்னும் பயங்கரமாக இருக்கிறேன் என்று சிமாவே சொல்லிவிட்டாள்.

கிறிஸ்மஸ் காலையில் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ரொட்டி வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் போன் அடித்தது. ஜோவிலின் பேர். படம் தெரிகிற அழைப்பு. எடுத்தால், தேயா! அம்மா போனைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போய்விட்டாள் போலிருக்கிறது.

"தாத்தா!" என்றாள், ரகசியமாக. "எங்க வீட்டுக்கு ஒரு கெழவன் வந்திருக்கான்."

கடைக்காரர் காதில் விழாதபடி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தேன்.

"பாட்டிகூட வந்திருக்கான் தாத்தா. கறியெல்லாம் தின்னுட்டான். பாட்டிய வேற அதட்டுறான். நீங்க ஏன் வரல?"

அப்போதுதான் சம்பந்தி, எனக்குப் புரிந்தது. நான் போனைப் பிடிக்கிற விதம் உங்களுக்குத் தெரியும், நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். இத்தனை மாதமாக அந்தக் குழந்தை பார்த்த தாத்தா வெறும் நெற்றி. நெற்றியும், விசிறியடித்தால் ஆடுகிற நாலு முடியும். அதற்குக் கீழே ஒரு முகம் இருக்கிறதென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"பயப்படாதடா கண்ணு. தாத்தா பக்கத்துலதான் இருக்கேன். இதோ வந்து அவன வெரட்டிடறேன்" என்றேன்.

மாடிப்படி ஏறினேன். அழைப்பை அணைக்கவில்லை. போனை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு, முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டேன். தேயா வந்தாள். போனைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், மறுபடி போன். பிறகு ஒரு விரலால் என் நெற்றியைத் தொட்டாள்.

"தாத்தா?"

"ஆமாண்டா."

"பெருசா இருக்கீங்க."

மெதுவாகத் தொப்பியை இறக்கினேன். அவள் ஓடவில்லை, சம்பந்தி. ஓடவில்லை. பெரியவர்களிடம் ஆசி வாங்குகிற நம் வழக்கப்படி என் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், யாரும் சொல்லாமலே. பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவன் எங்க?"

"வெரட்டியாச்சு."

"எங்க போனான்?"

"தெருவுக்கு."

உதடு பிதுங்கியது. "இன்னிக்கு கிறிஸ்மஸ் தாத்தா. அவன் எங்க போயி சாப்புடுவான்? பாவம். கூட்டிட்டு வாங்க."

அடுப்படியில் ஜோவிலின் சிரித்தாள். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி, அப்படியே அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "வரவேணாம்னு நான்தான் சொன்னேன். நீங்க பாட்டுக்கு அதக் கேட்டுட்டுப் போயிருந்தீங்கன்னா, இந்தப் பண்டிகைய நான் எப்படித் தாண்டியிருப்பேன்னு தெரியலப்பா" என்றாள். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். சிமா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத இடமில்லை.

அன்று மத்தியானம் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கவேண்டியிருந்தது. தொப்பி இல்லாமல் ஒரு நாற்காலியில் தாத்தாவாகச் சாப்பிட்டேன், தொப்பி போட்டு மறு நாற்காலியில் அந்தக் கிழவனாகவும் சாப்பிட்டேன். தேயா கிழவனுக்குத்தான் பெரிய துண்டு வைத்தாள். சாயங்காலம் அவளும் ஜோவிலினும் சேர்ந்து ஜன்னலில் நட்சத்திரம் கட்டினார்கள். அதைப் போனில் பார்த்து ரெனான்டே கப்பலிலிருந்து, சிக்னல் போகிறவரைக்கும் கையசைத்தான்.

ஆகவே சம்பந்தி, கடல் சரியில்லை, பஸ் சரியில்லை, வீட்டில் படுக்க இடமில்லை, உங்கள் முழங்காலோ நம்பத்தக்கதல்ல. பேசாமல் ஊரிலேயே இருந்து புத்தாண்டைக் கொண்டாடவும். உங்கள் பங்குக் கொஞ்சலையும் சேர்த்து நானே கொஞ்சிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு சிமாவின் முத்தங்கள். வரும் ஆண்டு உங்கள் வீட்டுக்கு மீனும் மழையும் அளவோடு வரட்டும்.

தங்கள் நலம் விரும்பும்,
புருதென்சியோ ஜுமாவான்

பின்குறிப்பு: சிமா இதைப் படித்துவிட்டாள். மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். கடல் இன்று கண்ணாடி மாதிரி கிடக்கிறது. நான் தரையில் படுத்துக்கொள்கிறேன், கட்டில் உங்களுக்கு. இது கைக்குக் கிடைத்ததும் முதல் படகில் ஏறவும். "இன்னும் யாராவது தாத்தா வரணுமா?" என்று குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தர் பாக்கி என்று சொல்லிவிட்டேன்.