தொழு உரத்தை விட்டு விலகாத சுற்றேடு

கல்லல் வாசகர் வட்டத்தில் ஒரு நோட்டு வீடு வீடாகச் சுற்றி வந்தது. அதற்குச் சுற்றேடு என்று பெயர். ஒரு வீட்டில் ஒரு நாள். எடுத்துக்கொண்ட புத்தகத்தைப் பற்றி வீட்டுக்காரர் கருத்தை எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

1967ஆம் வருஷம் சிவகங்கை நூலக ஆய்வாளர் ஆபீஸிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. 'தொழு உரம்' என்னும் பொருளில் வட்டம் நான்கு மாதம் விவாதிக்க வேண்டியது. நூல் தனியே அனுப்பப்படுகிறது. பொருளை விட்டு விலகாதிருந்தால் அங்கீகாரம், விலகினால் வட்டம் கலைக்கப்படும்.

செயலாளர் பூமிநாதன் தாக்கீதை மூன்று தரம் படித்தார். பஞ்சாயத்து ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக உறைக்கு மேல் அடுத்தவர் பேரை எழுதுகிற குமாஸ்தா அவர். அங்கே அவரை 'ஏய் தபாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். 'செயலாளர்' என்று நாலு பேர் சொல்வது இந்த வட்டத்தில் மட்டும்தான். வட்டம் போனால் அதுவும் போய்விடும்.

முதல் வாரமே கோட்டைச்சாமி எழுதினார்: "தொழு உரம் நல்லது. என் செவலைப் பசுவைக் காணோம். கண்டவுக சொல்லுங்க." அதற்குக் கீழே நாச்சியம்மை ஆச்சி எழுதியிருந்தார்: "செவலை எங்க வாழையைத் தின்னுட்டு இங்கதான் நிக்குது. வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க."

சுற்றேடு கைக்கு வந்ததும் பூமிநாதன் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். பிறகு, 'சாணி பொருளுக்கு உட்பட்டது, மாடு உட்பட்டதன்று' என்று முதல் விதியை இயற்றி, இரண்டு பசு வாக்கியங்களின் மேலும் காக்கித் தாளை ஒட்டினார். ஆச்சி எழுதியதைக் கோட்டைச்சாமி பார்க்கவே இல்லை. செவலை ஒன்பது நாள் ஆச்சி வீட்டு வாழையைச் சாப்பிட்டுக் கொழுத்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் கோட்டைச்சாமி ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"மாடு இல்லாம சாணி எங்கிட்டுருந்துங்க வரும்?"

"அது மேல்முறையீட்டில் பரிசீலிக்கப்படும்" என்றார் பூமிநாதன். மேல்முறையீடு என்று ஒன்று இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டார். பொருளுக்கு வெளியே உள்ளதை எழுத 'வெளிப்பொருள் ஏடு' என்று இன்னொன்றும் போட்டார். ஆக மூன்று.

வெளிப்பொருள் ஏடு எட்டே நாளில் பாதி நிரம்பியது. வலையபட்டியில் ஒரு மாப்பிள்ளை இருப்பது, மூட்டுவலிக்கு எந்த எண்ணெய், ரயில் எத்தனை மணிக்கு என்று ஊரே அதில் பேசியது. சுற்றேட்டில் பூமிநாதனின் விதிகள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. இப்படியிருக்கையில் ஆச்சி, எருக்குழியை எத்தனை நாளுக்கு ஒருதரம் கிளற வேண்டும் என்று வெளிப்பொருள் ஏட்டில் நாலு பக்கம் எழுதிவிட்டார். அருமையான கட்டுரை. பூமிநாதன் கண் கலங்கப் படித்தார். படித்துவிட்டு, பொருளுக்கு வெளியே உள்ள ஏட்டில் பொருளைப் பேசுவது பொருளை மீறுவதாகும் என்று முப்பத்தோராவது விதியை எழுதி, நாலு பக்கத்தையும் ஒட்டி மூடினார். தான் செய்வது கிறுக்குத்தனம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் விதி என்று வந்துவிட்டால் செயலாளர் என்ன செய்ய முடியும்?

நான்காம் மாதக் கடைசியில் ஆய்வாளர் சத்தியமூர்த்தி வந்தார். வட்டத்தார் எல்லோரும் கூடினார்கள். அவர் சுற்றேட்டைப் புரட்டினார். விதி, தாள், விதி, தாள். தொழு உரத்தைப் பற்றி 'நல்லது' என்ற ஒரு சொல்தான் தேறியது. யாருக்காவது புத்தகத்தைப் பற்றி வாயால் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள்.

"புத்தகம் யாருகிட்ட இருக்கு?"

பூமிநாதன் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். தபாலில் வந்தபடியே, கட்டிய சணல் அவிழாமல் பொட்டலம் இருந்தது. ஆதார நூல் பலர் கைபட்டு அழுக்காகிவிடக் கூடாதே என்று வந்த அன்றே வைத்துப் பூட்டியதாகச் சொன்னார்.

"நாலு மாசமா ஒருத்தரும் இதைக் கேக்கலையா?"

"மத்தவுக வாசிச்சிருப்பாகன்னு இருந்துட்டோம்" என்றார் ஆச்சி. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கீகாரம் அவ்வளவுதான் என்று பூமிநாதன் நினைத்தார்.

ஆய்வாளர் சணலை அவிழ்த்தார். அட்டையில் பெரிய எழுத்தில் 'கடல்மீன் பதப்படுத்தும் முறைகள்' என்று இருந்தது. உள்ளே அனுப்புகைச் சீட்டு. சீட்டின் அடியில், அனுப்பியவர் என்ற இடத்தில், ஆய்வாளருடைய கையெழுத்தேதான்.

ஆய்வாளர் புத்தகத்தைப் பழையபடி சுற்றிச் சணலைக் கட்டினார். முடிச்சு முன்பு இருந்ததைவிட இறுக்கமாகவே விழுந்தது.

"பூட்டி வச்சது ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். பிறகு பார்வைக் குறிப்பில் எழுதினார்: 'நூல் கறைபடாமல் பாதுகாக்கப்பட்டுள்ளது. விவாதம் குறித்த பொருளை விட்டு ஓர் எழுத்தும் விலகாமல் நடைபெற்றுள்ளது. அங்கீகாரத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.' உறுப்பினர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கோட்டைச்சாமி போட்டார். ஆச்சி போட்டார். வட்டம் இருந்தால்தானே மாடும் மாப்பிள்ளையும் கிடைக்கும் என்று மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள்.

கடைசியில் பூமிநாதன் முறை. அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேருக்குக் கீழே 'செயலாளர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.